ஜோரிஸ் இல்லாத செடி

கெண்ட் நகரத்து ஆய்வகத்தில் லுட்கார்டுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடிகளை வளர்த்து, அளவெடுத்துக் கொடுப்பது வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. விநோதமான செடியை முதலில் கண்டுபிடிப்பவர்தான், அதில் கெட்டுப்போன மரபணுவுக்குப் பெயர் வைக்க வேண்டும். அவள் பதினோரு செடிகளைச் சுட்டிக் காட்டியிருக்கிறாள். பதினொன்றுக்கும் ஆராய்ச்சி மாணவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு மகராசன் தன் நாயின் பெயரை வைத்தான். அந்த நாய்ப் பெயரை அட்டையில் எழுதித் தொட்டியில் ஒட்டியதும் அவள்தான்.

இலைகள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்த பன்னிரண்டாவது செடிக்கு, குப்பைக்குப் போகவேண்டியது என்று அடையாளமாகச் சிவப்புக் குச்சி நட்டிருந்தான் மாணவன் ஜோரிஸ்.

"ஏதோ முட்டைக்கோஸ் விதை கலந்துடுச்சு. தூக்கிப் போட்டுடுங்க."

அவள் போடவில்லை. பூ வரும்வரை ஒளித்து வளர்த்தாள். பூ முட்டைக்கோஸுடையது இல்லை, இவர்கள் ஆய்வகச் செடியின் பூவேதான். இலையைக் கிள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் வழக்கமான அளவுதான். எண்ணிக்கை இரண்டு மடங்கு. பிரிவதை எப்போது நிறுத்துவது என்றே அவற்றுக்குத் தெரியவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் ஜோரிஸ் ஓடி வந்தான். "அது என் விதைத் தட்டுல முளைச்சதுதானே?"

"உன் தட்டுதான் தம்பி. சிவப்புக் குச்சியும் உன்னோடதுதான்."

பேராசிரியை ஹில்டா காபி புரையேறச் சிரித்தார். "இந்தத் தடவை உரிமை உங்களுக்குத்தான். உங்க பேரையே வச்சுடுவோமா, லுட்கார்ட்?"

இதற்காகத்தானே இத்தனை வருடம்! பிஸ்கட்டைக் காபியில் முக்கியவள் எடுக்க மறந்தாள்.

"இருங்க ப்ரொபசர். அந்த மரபணு செல்லைப் பார்த்து 'போதும்'னு சொல்லுது. அது கெட்டதாலதான் இலை இப்படிச் செழிச்சிருக்கு. அப்போ, 'லுட்கார்டை எடுத்துட்டா எல்லாம் நல்லா வளருது'ன்னு உலகம் பூரா எழுதுவாங்களே! என் மாமியார் அதைத்தான் முப்பது வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. நீங்க வேற அச்சுல போடணுமா?"

"அப்போ என்ன பேரு?"

"இவன் பேரை வைங்க. கண்டுபிடிச்சது நான்னு மட்டும் எழுதிடுங்க."

குச்சி நட்டவன் எந்த வாயால் மறுப்பான்?

நான்கு வருடம் கழித்து அவன் முனைவர் பட்டத்துக்காகச் சபையில் பேசினான். ஜோரிஸ் இருந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்றான். ஜோரிஸை நீக்கினால் போதும், செடி செழிக்கும் என்றான். முன்வரிசையில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்த அவன் அம்மாவுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. பக்கத்தில் இருந்த லுட்கார்டின் காதைக் கடித்தாள்.

"எம்புள்ளைய இப்படி அவனே திட்டிக்க வச்சது யாருங்க?"

லுட்கார்ட் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திரையில 'கண்டுபிடித்தவர்'னு பெரிய எழுத்துல பேரு போட்டிருக்கான் பாருங்க. நான்தான்."