உமையாளின் ஒரே மெட்டு

பண்டசோழநல்லூரில் உமையாளின் குரல் கேட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஒப்பாரி வைக்க அவளை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. செல்லப்பனின் சம்சாரம் இறந்தபோது நானே பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மகன் ஏகநாதன், கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விறைப்பாக நின்றான். உமையாள் இரண்டு அடி பாடினாள். தொப்பென்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

செல்லப்பன் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் குரல் காதில் விழுந்தால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கே உமையாள் வளர்த்த பெண் மருமகளாகப் போனாள். ஜெயமணி, உமையாளின் தங்கை மகள். தாயில்லாப் பிள்ளை. ஏகநாதன் அவளைக் கட்டிக்கொண்டு மறுபடி பட்டாளத்துக்கு, சைகோனுக்குக் கப்பல் ஏறினான். தலைப்பிரசவத்துக்குக்கூடச் செல்லப்பன் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை.

"ஒப்பாரி வூட்ல என் பேரன் பொறக்க வேணாம். பெரிம்மாக்காரி இங்க வரட்டும், பாக்கட்டும், தூக்கட்டும். வாய மட்டும் தொறக்கக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம். சாவுக்கு வேண்டும், நல்லதுக்கு வேண்டாமா? ஆனால் ஜவுளிக்கடைக்காரன் நான், ஊர் வம்பு எனக்கெதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். உமையாள் கடைக்கு வந்து குழந்தைக்குச் சட்டைத்துணி எடுத்தபோது கேட்டாள்.

"ஏன் பாய், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு ஒண்ணுதான? ஜெயமணிக்கு இதே மெட்டுலதான பாடிப் பாடித் தூங்க வச்சேன். அவ புள்ளைக்கு ஒரு பாட்டு நான் பாடக்கூடாதா?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் என்னவோ போலிருந்தது.

குழந்தையோ தூங்காமல் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் செல்லப்பன் காய்ச்சலில் கட்டிலோடு படுத்திருந்தார். அசந்து தூங்கியதும் ஜெயமணி பெரியம்மாவிடம் குழந்தையைக் கொடுத்தாள்.

"பெரிம்மா, மாமா தூங்குறாரு. மெதுவா ஒண்ணு பாடு."

மெதுவாகவா? நாலு வயல் தாண்டிக் கேட்கவேண்டும் என்று பழகிய தொண்டை அது.

"பாகூரு ஏரி நெறஞ்சிருக்க, என் பவளமே,
பாலுக்கா நீ அழுத?"

வார்த்தை யார் காதில் விழுந்தது? குரல்தான் விழுந்தது. காய்ச்சலில் கிடந்த செல்லப்பன் போய்விட்டார் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக்காலோடு ஓடிவந்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் புத்திசாலியா? மனுஷன் நல்ல மனுஷன் என்று கோடித்துணி கிழித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்த நேரத்தில் கதவு திறந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்லப்பனே வெளியே வந்தார்.

"இன்னா கும்பல்? யார் வூட்ல சாவு?"

அவர் பார்வை மேளத்துக்குப் போய், அப்புறம் என் கக்கத்துக்கு வந்தது.

"பாய், அது யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க" என்று உளறிவிட்டேன்.

உள்ளே உமையாள் பாட்டை நிறுத்திவிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இனி இந்த வாசலை மிதிக்கவே முடியாது என்று நினைத்திருப்பாள். செல்லப்பன் திரும்பி அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அது வாயைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"என் பொஞ்சாதி போனப்போ கேட்ட அதே மெட்டு. இவன் தூங்குறானே" என்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்சாரம் போனபோது வராத கண்ணீர் அது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"குடு பாய். எனக்குன்னு கொண்டாந்தா அது என் துணி. என் பேரனுக்குத் தூளி கட்டுவேன். அலசிக் கட்டுங்கடி, மொடமொடன்னு கீது. நீ இன்னாம்மா நிக்கற? பாடு."

ஊர் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. உமையாள் மறுபடி முதலிலிருந்து பாடவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பிள்ளை பிறந்த வீடுகளிலெல்லாம் அவளைக் கூப்பிட்டார்கள். ஆனால் பாடுமுன் ஒருவர் தெருவில் நின்று "தாலாட்டுதான், தாலாட்டுதான்" என்று சத்தம் போடுவார்.

செல்லப்பன் அதன்பிறகும் சில வருஷம் நன்றாக இருந்து, தன் நேரத்துக்குப் போனார். அன்றைக்கும் கோடித்துணி என் கடையிலிருந்துதான் போயிற்று. உமையாள் தலைமாட்டில் உட்கார்ந்து பாட்டெடுத்தாள். நான் அழுதேன், தெருவே அழுதது. ஜெயமணியின் மடியில் இருந்த பேரன் மட்டும் ஒரு கொட்டாவி விட்டான். இரண்டாவது அடியில் கண் சொருகிவிட்டது.

உமையாள் அதைப் பார்த்தாள். அடக்கிப் பாடுவது அவள் தொண்டைக்குத் தெரியாத வேலை, இருந்தாலும் அடுத்த அடியை மெதுவாகப் பாடினாள்.