பக்கம் வேறு, முறை வேறு

ரேவதி அக்கா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்... இன்று மதியம் போய்விட்டார்.

அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். இந்தப் பதிவு சித்தப்பா கண்ணில் படாதபடி செட்டிங் மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் ஷேர் செய்யாதீர்கள்.

அக்கா எங்கள் ஊர் உழவர் குழுவின் ப்ரோகிராமர். அறுவடை மெஷின் புக் செய்கிற வெப்சைட்டை ஜாவாவில் எழுதியவர். குழுவின் செயலாளர் என் சித்தப்பா. நான் பிளஸ் டூ. லீவு நாட்களில் அக்காவோடு உட்கார்ந்து புக்கிங் பதிவு செய்வேன்.

முன்பு வேறு யாரோ எழுதிக் கொடுத்த வெப்சைட் இருந்தது. யாருக்கு முதலில் மெஷின் என்பதை ஒவ்வொரு பக்கமும் தானே முடிவு செய்யும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று பழையபடியே இருக்கும். ஒருநாள் ஆபீஸ் வாசலில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என் போன்ல நான்தான்யா மொதல்ல!"

"ஒன் போன கொல்லையில போடு. கம்ப்யூட்டர்ல என் பேருதான் இருக்கு!"

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்.

அக்கா வந்ததும் அந்த முடிவு செய்கிற வேலையை எல்லாப் பக்கங்களிலிருந்தும் உருவி, ஒரே ஜாவா கிளாஸில், அதாவது ப்ரோகிராமின் ஒரே ஒரு தனிப் பகுதியில் வைத்தார். அதற்குப் பெயர் 'முறை'. பள்ளத்து வயல் முதலில், மேட்டு வயல் பிறகு... மழை வந்தால் பள்ளத்தில்தான் கதிர் மூழ்கும். பக்கங்கள் முறையைக் கேட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

"பந்தியில பரிமாறுறவன் பரிமாறணும்டி. யார் எந்த எலையில உக்காரணும்னு அவனே முடிவு பண்ணா, கல்யாணம் அடிதடியிலதான் முடியும்" என்று சிரித்தார்.

போன வாரம் சித்தப்பா ஆபீஸுக்கு வந்தார். எங்கள் வயல் மேட்டு வயல்.

"ஏம்மா ரேவதி, ஒரு பேர மேல ஏத்த கை வலிக்குதா?"

"பேர ஏத்திடலாம் சார். பள்ளத்துல நிக்கிற தண்ணி மேல ஏறாதே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அக்கா பெயரைச் சொல்லக் கூடாது.

இன்று சாயங்காலம் ஆபீஸ் லேப்டாப்பை என் மடியில் வைத்தார் சித்தப்பா. "அவதான் இல்லியே. நீ கூடவே இருந்து பாத்தவதானே... நாளைக்கு நம்ம பேரு மொதல்ல வரணும்."

வெப்சைட் பக்கத்தில் மட்டும் எங்கள் பெயரை மேலே ஏற்றினேன். அவர் பார்த்தார். "கெட்டிக்காரி" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார்.

மெஷின் ஓட்டுகிற அண்ணனுக்குப் போகும் மெசேஜ் பக்கத்திலிருந்து போவதில்லை. முறையிலிருந்து போகிறது.

விடிந்ததும் மெஷின், முறைப்படி முதலில் இருக்கிற கோவிந்தன் மாமாவின் பள்ளத்து வயலுக்குப் போய்விடும். சித்தப்பா எங்கள் வரப்பில் காத்துக்கொண்டு நிற்பார். அப்புறம் வீட்டுக்கு வருவார்...

கிழக்கே மின்னுகிறது. இப்போதும் எழுந்து போய் முறையை மாற்றிவிடலாம். லேப்டாப் கூடத்தில்தான் இருக்கிறது.

பயமாக இருக்கிறது அக்கா.

மாற்றவில்லை. போய்ட்டு வாங்கக்கா.