கீழ்வீட்டுக்காரியின் கேள்வி

சிட்னியின் லிட்கம் பகுதியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவர் குடியிருந்தார். என்னைவிட மூத்தவர். படியில் கண்டு நான் கைகூப்பினால் தானும் கூப்பி, அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பார்: "எங்க போறீர்?"

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் பொறியியலாளராக இருந்த நான் சிட்னித் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல வேலைக்காக இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். இரண்டு முறையும் அவர் கேட்டார். இரண்டும் கைநழுவின. வெளிக்கிடுகிறவனிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? எங்களூரில் "தூரமோ?" என்று சுற்றிவளைத்துத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது அழைப்பு வந்தது. பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை! மனைவி, "அந்த மனுசி கண்டால் கேட்டுப்போடும். சப்பாத்தைக் கையில கொண்டு இறங்குங்கோ" என்றாள். பூனை மாதிரி இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைக்கக் கதவு திறந்தது.

"எங்க போறீர்?"

வந்ததே எனக்குக் கோபம்! "நீங்கள் கேக்கிறதாலதான் எனக்கு வேலை கிடைக்குதில்லை!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "எங்கட ஊரில அது வணக்கம் மாதிரி. சும்மா 'அங்க' எண்டால் போதும்" என்றார். அட, நாங்கள் "சாப்பிட்டியளோ?" என்பதில்லையா, அதுபோலத்தான்! ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஓடினேன்.

வேலை கிடைத்தது! அங்கேயே கைகுலுக்கிச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். மனைவியிடம்கூடப் போகவில்லை. கீழ்வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினேன். அவர் திறந்ததும், அவர்கள் ஊரில் மூத்தவரை வணங்குவதுபோல், கூப்பிய விரல்கள் மூக்கைத் தொடக் குனிந்து, "கிடைச்சிட்டுது! என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் அழுதுவிட்டார். உள்ளே ஒரு சின்னப் புத்தர் சிலை. அதன் முன்னால் ஊதுபத்திச் சாம்பல் குவிந்து கிடந்தது. ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை செய்கிறவர் அன்று வேலைக்கே போகவில்லை. தன் கேள்வியால் என் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று காலையிலிருந்து அந்தச் சிலைக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்.