கிளிநொச்சி பார்க்கப் போன கிளிநொச்சிக்காரன்

லீவுக் கடிதத்தில் காரணம் எழுதுகிற இடத்தில் "சுற்றுலா" என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் கோப்புத் தூக்குகிறவனுக்கு என்ன சுற்றுலா என்று மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எங்க போறீர்? மலேசியாவோ?"

"இல்லை சேர். கிளிநொச்சி."

"நீர் இருக்கிறதே கிளிநொச்சியிலதானே?"

"ஓம் சேர். இந்த முறை வெள்ளைக்காரரோட சேர்ந்து பாக்கப்போறன்."

மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். இப்படியான ஆட்களுக்கு லீவு கொடுக்காமல் அலுவலகத்துக்குள் வைத்திருப்பதுதான் ஆபத்து என்று நினைத்திருப்பார்.

இந்தவகைப் பயணத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பத்துப் பேர் சேர்ந்து காசு கட்டி வேறொரு நாட்டுக்குப் போவார்கள். அங்கே மலையேறுவார்கள், வள்ளம் வலிப்பார்கள், சைக்கிள் ஓடுவார்கள். முன்னுக்கு ஒரு வழிகாட்டி, பின்னுக்குச் சாமான் ஏற்றிய வான். எங்கே நிற்பது, எங்கே தின்பது, எங்கே ஒதுங்குவது எல்லாம் வீட்டிலிருந்து வெளிக்கிட முதலே தீர்மானமாகியிருக்கும். இதற்குச் சாகசச் சுற்றுலா என்று பெயர். எங்கள் ஊர்ச் சனம் சண்டைக் காலத்தில் இதையெல்லாம் காசு கட்டாமல், வழிகாட்டியும் இல்லாமல், வான் பின்னால் வராமல் செய்து முடித்தது. ஆனால் அதற்கு யாரும் நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

எங்கள் அண்ணர் பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வருவதற்குக் கண்டுபிடித்த வழி இதுதான். அவர் இப்போது ஒரு குளிர் நாட்டின் பிரசை. அந்த நாட்டுச் சனத்தோடு சேர்ந்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகிற சைக்கிள் பயணத்தில் தனக்கு ஓர் இடம் எடுத்திருந்தார். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான பகுதிக்கு எனக்கும் ஓர் இடம்.

"தனிய வந்து நிண்டா ஆமி, பொலிஸ் எண்டு ஆரும் வந்து விசாரிப்பினம்" என்று தொலைபேசியில் சொன்னார். "கூட்டத்தோட வந்தா நானும் ஒரு சுற்றுலாப் பயணி. ஆர் கேக்கப்போகினம்?"

யாழ்ப்பாணத்து ஆவணித் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் கடல்போல வந்து போகிறது, ஒருத்தரையும் ஒருத்தரும் தேடவில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். அண்ணருக்கு அது ஏறவில்லை. அவர் வெளிக்கிட்டுப் போன அன்றைய ஊர்தான் இன்னும் அவருக்கு ஊர்.

அவர் வருவதில் எனக்கு ஒரே ஒரு அலுவல்தான் இருந்தது. அவரை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மா செத்தபிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது அக்கா. கலியாணம் கட்டவில்லை. இப்போது இரண்டு சிறுநீரகமும் போய், கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். அவருக்குக் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. இனிக் கனகாலம் இழுக்காது என்று டொக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அக்காவிடம் நான் சொல்லவில்லை. அக்காவும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் சொன்னார்: "அவனை ஒருக்கா எனக்கு முன்னால இருத்திக் கதைக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

வவுனியாவில் ஹோட்டல் வாசலில் அண்ணரைக் கண்டேன். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டின மஞ்சள் சட்டை, நரைத்த தாடி. கட்டிப்பிடித்தோம். முகத்தில் பூசியிருந்த வெயில் கிறீம் என் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது. பிறகு திரும்பி மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது என்ர மச்சான். வவுனியாக்காரர்."

கண்மூடித் திறக்கிறதற்குள் தம்பியாயிருந்த நான் மச்சானாகிவிட்டேன். குழுவுக்கு அவர் சொல்லியிருந்த கதையில் அவருடைய கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்.

இப்படியான பயணம் போக யோசிக்கிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை காற்சட்டை பற்றியது. உள்ளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டை ஒன்று தருவார்கள். வெட்கப்படாமல் போடுங்கள். நான் வெட்கப்பட்டு என்னுடைய சாதாரணக் காற்சட்டையோடு ஏறினேன். ஓமந்தை வருவதற்கிடையில் என்னுடைய பின்பக்கம் எனக்குச் சொந்தமில்லை என்றாகிவிட்டது. இரண்டாவது ஆலோசனை, பக்கத்தில் வருகிறவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மை சொல்லாதீர்கள். குழுவில் பனைபோல உயர்ந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னோடு சமமாக ஓடிவந்து, முன்பு தூரப் பயணம் சைக்கிளில் போயிருக்கிறாயா என்று கேட்டார்.

"ஓம், ஒருக்கா. ரெண்டு பானை, ஒரு கோழிக்கூடு, காய்ச்சலோட ஒரு அக்கா. எல்லாத்தையும் ஒரே சைக்கிளில ஏத்தினனான்" என்றேன்.

அவர் நல்லாகச் சிரித்தார். கொஞ்சத் தூரம் போனதும் சிரிப்பை நிற்பாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மணியை அடித்துக்கொண்டு முன்னே போய்விட்டேன்.

ஓமந்தையில் வழிகாட்டி எல்லோரையும் நிற்பாட்டி, சண்டைக் காலத்தில் இங்கே இருந்த சோதனைச் சாவடியில் சனம் எப்படி வரிசையில் நின்றது என்று விளக்கினான். அவன் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெடியன், நல்லவன். அந்தக் காலத்தில் அவன் பால் குடித்துக்கொண்டிருந்திருப்பான். அந்த வரிசையில் வெயிலில் மயங்கி விழுந்த நான் அவன் சொன்னதை வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். அண்ணர் தன்னுடைய முன்சில்லைப் பார்த்தபடி நின்றார். எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தார்கள்.

பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் குழு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நாளைக்குக் காலமை வீட்டு றோட்டு வாசலாலதான் போறம். நீங்களும் நானும் உள்ளுக்குத் திரும்புவம். மற்றவை போகட்டும்."

"குழுவை விட்டுப் பிரியக்கூடாது எண்டு கையெழுத்து வாங்கியிருக்கினம்."

"அண்ணை, சிங்கம் புலி உள்ள காட்டுக்கெண்டு எழுதின சட்டம் அது. அக்கா கடிக்கமாட்டா."

அவர் சிரிக்கவில்லை. "நான் தனிய அந்த வீட்டுக்குள்ள போறதை ஆரும் கண்டால்? நான் பிளேன் ஏறிப் போயிடுவன். பிறகு அவாட்டத்தானே வந்து கேப்பினம்? வருத்தக்காரி."

பயத்திலும் அக்காவுக்கு ஒரு பங்கு வைத்திருந்தார். ஆனால் என் மண்டைக்குள் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். குழுவை விட்டு அவர் வரமாட்டார் என்றால் குழுவையே கூட்டிக்கொண்டு போனால் என்ன? பயண நிரலில் அடுத்தநாள் காலை "கிராமத்து வீடொன்றில் தேநீர்" என்று இருந்தது. பரந்தன் பக்கத்தில் வேறொரு வீட்டை ஒழுங்குசெய்திருந்தார்கள். அண்ணர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை, அது எங்கள் வீடென்று ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. நான் வழிகாட்டியிடம் போய், எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது, அந்த அம்மாவின் வடை பிரசித்தம் என்று அவிழ்த்துவிட்டேன்.

"சரிண்ணே, ஆனா அரை மணி நேரந்தான்" என்றான். "ஆனையிறவுல சாப்பாடு சொல்லியாச்சு. லேட்டானா எனக்குத்தான் ஏச்சு விழும்."

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, நாளைக்கு அண்ணை வாறார். ஆனா தனிய இல்லை. வழிகாட்டியோட பதினொரு பேர் வருவம். நீங்கள் அவரைத் தெரியாத மாதிரி இருக்கவேணும்."

அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"பதினொரு பேரோ?" என்றார் அக்கா. "டேய், வீட்டில பால்மா இல்லை. கதிரையும் நாலுதான் கிடக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

காலையில் போனபோது முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. அயல் வீடுகளிலிருந்து இரவல் வாங்கின பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாக இருந்தன. குசினியிலிருந்து வடை பொரிகிற மணம். அக்கா வெளியே வந்து கைகூப்பினார். நீலச் சேலை, ஊசி குத்திக் குத்தி வீங்கின கையை மறைத்து நீட்டுக்கைச் சட்டை. எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்துவிட்டு உள்ளே போனவர்தான், குசினிக்கும் முற்றத்துக்குமாக நடக்கத் தொடங்கினார். முதலில் தண்ணீர். பிறகு வடை. பிறகு சம்பல். வெள்ளைக்கார அம்மாவுக்கு முதல், வயதுப்படி மற்றவர்களுக்கு, எங்கள் வீட்டு ஆள் என்பதால் அண்ணருக்குக் கடைசி. வந்த விருந்தாளியை விட்டுவிட்டு வீட்டுப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருக்க எங்கள் ஆட்களில் எந்தப் பொம்பிளைக்கு மனம் வரும்? அதை யோசிக்காமல் திட்டம் போட்ட பெரிய மூளை என்னுடையது.

வேலிக்கு மேலால் முன்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தார். "அக்கோய், உந்தத் தாடி வைச்ச கறுத்தவர் எந்த நாடு? இந்தியனோ?"

"எனக்கென்ன தெரியும், பிள்ளை" என்றார் அக்கா. அடுத்தவருக்குத் தட்டை நீட்டினார்.

வழிகாட்டி வானடியில் ஒரு காற்றுப்போன சில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். அதனால் வெள்ளைக்கார அம்மா அண்ணரிடம் சொன்னார், உனக்குத் தமிழ் தெரியும்தானே, இவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லு.

அண்ணர் தொண்டையைச் செருமினார். "உங்களுக்குக் குடும்பம் இருக்கோ எண்டு கேக்கிறா."

"தம்பிமார் ரெண்டு பேர் எண்டு சொல்லுங்கோ."

"எங்க இருக்கினம் எண்டு கேக்கிறா."

அக்கா வெறும் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "கிட்டத்தான் எண்டு சொல்லுங்கோ."

அண்ணர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கொடுத்துவைத்தவர் என்று அந்த அம்மா தலையாட்டினார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வளவின் பின்னால் ஒரு பெரிய பாம்புப் புற்று இருக்கிறது, காலை வெயிலுக்கு நாகம் வெளியே வரும் என்று அறிவித்தேன். கமெராக்கள் எல்லாம் எழும்பி என் பின்னால் வந்தன. ஆசிரியை அம்மா மட்டும் வரவில்லை. அவர் குசினிக்குள் போய்த் திருவலையில் ஏறி இருந்து தேங்காய் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி ஓடிப்போய், "நாகம், நாகம்" என்று அவர் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். புற்றில் கறையான் மட்டும் இருந்தது. நான் நாகங்களின் குணநலன்களைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் அளந்தேன். எல்லோரும் ஆவென்று நின்ற நேரம் மெல்லக் கழன்று குசினிப் பக்கம் வந்தேன்.

அண்ணர் குசினி வாசலில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அடுப்படியில் கேத்தலோடு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டோ?"

"காணும் அக்கா."

"மெலிஞ்சுபோனாய்."

"சைக்கிள் ஓடுறதுதானே."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கேத்தலைப் பார்த்தார்கள். வழிகாட்டி விசில் ஊதினான்.

ஆனையிறவில் குழு உப்பளத்தைப் படம் எடுத்தது. அண்ணர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா பரவாயில்லை, என்ன? ஓடியாடித் திரியிறா" என்றார்.

அவருடைய சைக்கிளில் கொழுவியிருந்த தண்ணீர்ப் போத்திலைக் காட்டினேன். "உதில பாதிதான் அவா ஒரு நாளைக்குக் குடிக்கலாம், அண்ணை. கனநாள் இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

அவர் போத்திலைக் கழற்றினார், குடிக்கவில்லை, திரும்பக் கொழுவினார். "அடுத்த முறை தனிய வாறன்" என்றார். பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரைக்கும் குழுவின் ஆக முன்னுக்கு, வழிகாட்டியையும் தாண்டி ஓடினார். அங்கிருந்து அவர்கள் ஹோட்டலுக்குள் போக, நான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலில் கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. இரவல் கதிரைகளை எல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்திருந்தார்.

"வடை திண்டவனோ?" என்று கேட்டார்.

"ஆர்?"

"பகிடி விடாதை. நான் குசினிக்குள்ள நிண்டிட்டன். ஒண்டும் சரியாப் பாக்கேல்லை. திண்டவனோ?"

நான் யோசித்தேன். வடை கொடுத்தபோது நான் வெள்ளைக்காரருக்கு உழுந்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மூண்டு திண்டவர்."

"பொய். மூண்டையும் நீதான் திண்டிருப்பாய். சரி, கதைக்கேக்க ஒரு பக்கம் தலையைச் சரிக்கிறவன், இப்பவும் அப்பிடியோ? முன்பல்லு உடைஞ்சு கிடந்ததே, கட்டியிட்டானோ? எங்க இருந்தவன், வேப்பமரத்துப் பக்கமோ இங்காலையோ?"

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் சனத்தை மேய்த்துக்கொண்டு திரிந்தேன், அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம் எங்கள் முற்றத்தில் இருந்தவனை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"அடுத்த முறை தனிய வாறாராம், அக்கா."

"ம்" என்றார். "அப்ப வெள்ளைக்காரருக்கு வடை பிடிச்சதாமோ?"

"நல்லாப் பிடிச்சதாம்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.