ஊஞ்சல் கொக்கியில் ஒரு கார்

ரெக்சன் கார் வாங்கியதில் தெருவுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவன் வாங்கிய காரைப் பார்த்துத்தான் பாளையங்கோட்டையில் அந்தத் தெரு வாயைப் பிளந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஐம்பதை நெருங்குகிறவன், மனைவியும் பிளஸ் டூ படிக்கிற மகளும் உள்ள குடும்பஸ்தன். அப்படிப்பட்டவன், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்ததை, கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் பால் பாக்கெட்டும் கையுமாக வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றினாள். முழங்கால் உயரம்கூட இல்லாத அதன் மூக்கைக் குனிந்து பார்த்தாள்.

“இதுல உக்காந்து போவணுமா, படுத்துப் போவணுமா?” என்றாள்.

ரெக்சனின் மனைவி ஃபிளோரா பள்ளிக்கூட ஆசிரியை. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

“நாம மூணு பேரு. சீட்டு ரெண்டு. யாரை விட்டுட்டுப் போறதா உத்தேசம்?”

ரெக்சன் தலையைச் சொறிந்தான். நியாயமான கேள்விக்கு அவனிடம் எப்போதும் அந்தப் பதில்தான். அவன் பக்கத்து நியாயத்தை அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கும் மேலாக ஆகாயத்தில் தொங்குகிற ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே எறும்பு மாதிரி ஊர்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாளாவது தரையை ஒட்டி, தரை கையில் தட்டுகிற மாதிரி போகவேண்டும் என்று ஆசை. ஆசைக்கு வயசு ஏது?

தரையை ஒட்டித்தான் போனது. அதுதான் வம்பாகவும் போனது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு வேகத்தடை. பாபநாசத்துக்குக் கிளம்பிய முதல் பயணத்திலேயே காரின் வயிறு ஒவ்வொன்றிலும் உராய்ந்தது. அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் ஃபிளோரா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை எடுத்துவிட்டாள். போய்ச் சேராமலே திரும்பி வந்தார்கள். மலையையும் பார்க்கவில்லை, அணையையும் பார்க்கவில்லை.

அதற்கு மருந்தாகத்தான் ரெக்சன் புது ஷாக் அப்சார்பர்கள் வாங்கினான். காரின் உயரத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கிற வகை. உடம்பு முழுக்கத் திருகு மரை ஓடும். அதில் உள்ள வளையத்தைத் திருகினால் கார் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். உலகத்தில் எல்லாரும் இதைக் காரை இறக்குவதற்கு வாங்குகிறார்கள். ரெக்சன் ஏற்றுவதற்கு வாங்கினான். ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னாள் ஃபிளோரா. பெற்ற பிள்ளையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னது போல அவன் முகம் போயிற்று. வீட்டிலேயே நானே மாட்டுவேன் என்றான்.

ஃபிளோரா அதற்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளோடு வேலைபார்த்த ஒரு டீச்சரின் கணவர், ஜாக்கி நழுவி வேனுக்கு அடியில் நசுங்கிச் செத்தவர். அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வந்தவள் அவள்.

“காருக்கு அடியில போயிப் படுத்தியன்னா, நான் ஸ்கூலுக்கும் போகமாட்டேன், சோறும் பொங்கமாட்டேன். உங்க பக்கத்துலயே வந்து படுத்துக்கிடுவேன்” என்றாள்.

“நான் யாரு? துறைமுகத்துக்காரன். தொங்குத பாரத்துக்குக் கீழ நான் போவனா?” என்றான் ரெக்சன்.

இது வெறும் பேச்சில்லை. துறைமுகத்தில் வேலைக்குச் சேருகிற அன்றைக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம் அது: தூக்கிய பாரத்துக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது, பாரம் அசைகிறபோது பக்கத்திலும் நிற்கக் கூடாது. ரெக்சன் அதை ஞானஸ்நானம் மாதிரி எடுத்துக்கொண்டான். மாதா கோயில் கொடியேற்றத்தில்கூட எல்லாரும் கொடிமரத்தடியில் முண்டியடிக்க, இவன் மட்டும் நாற்பதடி தள்ளி நின்று கையைக் கூப்புவான். தண்ணீர்த் தொட்டியை மாடிக்கு ஏற்றினார்கள் என்றால் தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் விரட்டுவான். பிள்ளைகள் அவனுக்குப் பின்னால் நின்று பழிப்புக் காட்டும்.

ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு கோணலும் இருந்தது. கீழேயிருந்து முட்டுக்கொடுக்கிற எதையும் அவன் நம்பமாட்டான். மேலேயிருந்து பிடித்துத் தூக்குவதுதான் அவனுக்குத் தூக்குவது. ஜாக்கி என்றாலே இளக்காரம். இந்தக் காருக்கு அடியில் சாதாரண ஜாக்கி நுழையவும் இல்லை. அவன் கண் போர்டிகோவில் இருந்த ஊஞ்சல் கொக்கிக்குப் போயிற்று.

அந்த வீட்டைக் கட்டியவன் ஃபிளோராவின் தம்பி வியாகுலம். வீடு கட்டுகிற காண்ட்ராக்டர், வாய் பெரிசு, மனசும் அதற்குக் குறைவில்லை. அக்கா சாயங்காலம் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் திருத்தட்டும் என்று, போர்டிகோவின் முன்பக்க பீமில் கான்கிரீட் போடும்போதே இரண்டு இரும்புக் கொக்கிகளை வைத்துவிட்டான். சில வருஷம் கழித்து அக்கா மகள் விக்டோரியா தனி அறை கேட்டபோது, அந்தப் போர்டிகோவுக்கு மேலேயே மஞ்சள் சுவரும் ஜன்னலுமாக ஓர் அறையும் எடுத்துக் கொடுத்தான். எங்கே போனாலும் ‘எங்க அக்கா வீட்டைப் போய்ப் பாருங்க’ என்பதுதான் அவனுடைய விளம்பரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிப் பொட்டலத்தோடு வியாகுலம் வந்து சேர்ந்தான். தெருவிலிருந்தே மாடி ஜன்னலைப் பார்த்து, “ஏட்டி விக்டோரியா, படிக்கியா, தூங்குதியா?” என்று குரல் கொடுத்தான். அவள் ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். சிரித்தபடியே வாசலுக்குள் வந்தவன், ஊஞ்சலைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொக்கிகளில், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை ரெக்சன் மாட்டியிருப்பதைப் பார்த்தான். காரின் முன்பக்கத்தைச் சுற்றித் துறைமுகத்து நைலான் பெல்ட் தயாராகக் கிடந்தது. வியாகுலத்தின் சிரிப்பு அங்கேயே நின்றது.

“எதுக்கு அத்தான் இதெல்லாம்? எங்கிட்ட ஜாக்கி கிடக்கு. தாழ்வானது. ஒரு போன் போட்டா கொண்டுவந்திருவானுவ.”

“ஏன் மாப்ள, ஒம் பீம் தாங்காதோ?” ரெக்சன் விளையாட்டாகத்தான் கேட்டான்.

வியாகுலம் கறிப் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டான். பிறகு கழுத்தை நிமிர்த்தினான்.

“என்ன அத்தான் இப்படிக் கேட்டுட்டிய. யானையைக் கட்டித் தொங்கவிடலாம்.”

சங்கிலியை இழுக்க இழுக்க, காரின் மூக்கு நோகாமல் மேலே வந்தது. ரெக்சன் வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றுதான் இழுத்தான். சக்கரங்களைக் கழற்றி, ஒருவேளை விழுந்தால் தாங்கட்டும் என்று காரின் இரண்டு ஓரத்திலும் அடியில் தள்ளிவைத்தான். இடப்பக்கத்துப் பழைய ஷாக்கைப் பிடுங்கினார்கள். எண்ணெய் கசிந்து, புழுதி அப்பி, கறுத்துப்போயிருந்தது. புதியது மஞ்சள் நிறத்தில் பளபளவென்று உள்ளே போய் உட்கார்ந்தது. ரெக்சன் பக்கவாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டித்தான் வேலைசெய்தான். ஃபிளோரா அடுக்களை ஜன்னல் வழியாக அவன் தலை வெளியே தெரிகிறதா என்று பார்த்தபடியே கறி நறுக்கினாள்.

ஒரு பக்கம் முடிந்ததும் வியாகுலத்துக்கு மூச்சு இலகுவாயிற்று. அண்ணாந்து பீமைப் பார்த்துக்கொண்டான். பிறகு பாட்டெல்லாம் முணுமுணுத்தான். வலப்பக்கத்து வேலையில் ஒரு நட்டு உருண்டு காருக்கு நடு அடியில் ஓடியது. ரெக்சன் துடைப்பக்கட்டையை எடுக்க எழுந்த நேரத்துக்குள் வியாகுலம் குப்புறப் படுத்து உள்ளே நுழைந்துவிட்டான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான்.

ரெக்சன் பாய்ந்து குனிந்தான். இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போட்டான். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி.

“கிறுக்கு பிடிச்சிருக்கா? தொங்குதுல்லா, கண்ணு தெரியல?”

“எம் பீமு அத்தான். எனக்குத் தெரியாதா?” என்றான் வியாகுலம். குரலில் வீம்பு இருந்தது. முகம் மட்டும் வேர்த்திருந்தது. இழுத்த கோபத்தில் ரெக்சன் அதைக் கவனிக்கவில்லை.

புது ஷாக் பழையதைவிடக் கொஞ்சம் நீளம். இடப்பக்கம் எப்படியோ போய்விட்டது, வலப்பக்கம் உட்கார மறுத்தது. இன்னும் ஒரு சாண் தூக்கினால் போதும். வழக்கம்போல ரெக்சன் எல்லாரையும் வெளியேற்றினான். காப்பித் தட்டோடு வந்த ஃபிளோராவைப் பக்கத்து வழியாகச் சுற்றி முற்றத்துக்கு வரவைத்தான். வியாகுலத்தைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். வேடிக்கை பார்க்க வந்த ஆறுமுகத்தாயைத் தெருவிலேயே நிற்கச் சொன்னான். தலைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டான். எல்லாரும் வெளியே. சங்கிலியை இழுத்தான்.

முதலில் ஒரு மொடமொடப்பு. காய்ந்த தென்னமட்டையை முறிக்கிற சத்தம். ரெக்சன் சங்கிலியை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தான். பீமின் அடிப்பாகம் பாளம் பாளமாகப் பெயர்ந்து காரின் மேல் கொட்டியது. இரண்டு கொக்கிகளும் கான்கிரீட் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. கார் பொத்தென்று விழுந்து, அடியில் வைத்திருந்த சக்கரங்களின் மேல் சாய்ந்து நின்றது. புழுதி மெல்ல அடங்கியது. ஃபிளோராவின் கையில் தட்டு இருந்தது, டம்ளர்கள் இல்லை.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அடியில் யாரும் இல்லை. நசுங்கிக் கிடந்த சிவப்பு மூக்கைப் பார்த்தும் ரெக்சனுக்குத் துக்கம் வரவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்கிற ஒரு பெருமைதான் வந்தது. எத்தனை பேர் சிரித்த பழக்கம், இன்றைக்கு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பெருமையோடு அண்ணாந்து பார்த்தான்.

பீமின் நடுப்பகுதி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே பெருவிரல் கனத்தில் நாலைந்து கம்பிகளாவது இருக்கவேண்டிய இடத்தில், சுண்டுவிரல் கனத்தில் இரண்டு கம்பிகள் துருவேறித் தொங்கின. அந்த இரண்டு கம்பிகளுக்கு மேலே மஞ்சள் சுவர். மஞ்சள் சுவரில் ஜன்னல். ஜன்னலில் திரைச்சீலை.

எல்லாருடைய தலையையும் பார்த்தவன், மேலே இருந்த தலையைப் பார்க்க மறந்திருந்தான்.

அவன் எப்படி வீட்டுக்குள் ஓடினான், எப்படி மாடி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது. அறை வாசலில் போய் நின்றான். ஜன்னலடியிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பி, தரையைப் பிளந்துகொண்டு, விக்டோரியாவின் நாற்காலிக் கால்களுக்கு நடுவில் வந்து நின்றிருந்தது. அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

“என்னப்பா, கார் விழுந்திட்டா? டேபிளே ஆடிச்சு.”

ரெக்சன் உள்ளே கால் வைக்கவில்லை. தன் எடையையும் அந்தத் தரையில் சேர்க்கப் பயந்தான்.

“எந்திரிம்மா. பைய. சுவத்தோரமா நடந்து வா.”

“ஏம்ப்பா?”

“சொல்லுதேன். வா.”

அவன் குரலைக் கேட்டு அவள் வேறொன்றும் கேட்காமல் வந்தாள். கை எட்டியதும் மணிக்கட்டைப் பிடித்தான். படி இறங்கி, பின்வாசல் வழியாகச் சுற்றி, தெருவுக்கு வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை. துறைமுகத்தில் எத்தனையோ பாரத்தைத் தூக்கி இறக்கியவன், தன் பிள்ளையைப் பாரத்தின் உச்சியிலேயே உட்காரவைத்துவிட்டுச் சங்கிலியை இழுத்திருக்கிறான்.

வியாகுலம் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனாகவே பேசினான்.

“வெறும் போர்டிகோ தானக்கா, ரெண்டு கம்பி போதும்னு நாந்தான் சொன்னேன். அன்னைக்கு மேல ரூம் வரும்னு யாரு கண்டா?”

“ரூம் எடுக்கும்போது தெரியும்லா?” என்றாள் ஃபிளோரா.

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா மொத வேலை தப்புன்னு ஆயிரும்லா. ஊரெல்லாம் இந்த வீட்டத்தான் காட்டுதேன். தாங்கும்னு நினைச்சேன். ஒவ்வொரு மழைக்கும் வந்து பாப்பேன், வெடிப்பு இல்லைன்னா நிம்மதியாப் போவேன்.”

ஃபிளோரா அந்த முகத்தையே பார்த்தாள். மழை பெய்த மறுநாளெல்லாம் தம்பி வந்து நின்றதும், அக்கா மேல் என்ன பாசம் என்று தான் பூரித்துப்போய்க் காப்பி போட்டதும் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்விட்டது.

“காருக்கு அடியில போனியே. அது எதுக்கு?”

“அத்தான் கேட்டாவல்லா, ஒம் பீம் தாங்காதான்னு. அதுக்குத்தான்.”

“ஒன் உசிரு, ஒன் வீம்பு. போகட்டும்.” அவள் குரல் எழும்பவே இல்லை. “பிள்ளை மேல இருக்கான்னு ஒனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சா?”

வியாகுலம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“வரும்போது நாந்தானக்கா அவளைக் கூப்பிட்டுப் பேசினேன்” என்றான்.

தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. விக்டோரியா எட்டி எட்டி மாமாவைப் பார்த்தாள். தோள் குலுங்க அழுகிற மாமாவை அவள் இதுவரை பார்த்ததில்லை.

“மாமா ஏம்ப்பா அழுவுதாவ? எங்கன அடிபட்டிச்சாம்? போயிப் பாப்போம்ப்பா” என்றாள்.

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். நகர முடியவில்லை. ரெக்சன் அவள் மணிக்கட்டை இன்னும் விட்டிருக்கவில்லை.