தண்ணீர் இல்லாத மாதத்தில் ஒரு பரிசல்

கல்யாண நாளன்று நானும் கணவரும் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். நிஜத்தில் நான் காரிமங்கலத்தில் அம்மா வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. பிரிந்து இரண்டு வருடம்.

கேட்பவர்களிடம், "பெங்களூர்ல வேலைங்க, லீவே குடுக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்வது அம்மாவின் பொறுப்பு. ஸ்டேட்டஸ் என் பொறுப்பு. உண்மையைப் போட்டால்? ஐம்பது பேர் அழுகிற பொம்மை அனுப்புவார்கள். அதே ஐம்பது பேர் சந்தையில் என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். போங்கப்பா! அதுவும் தங்கைக்குப் பென்னாகரத்தில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த நேரம். அக்கா வாழாவெட்டி என்று தெரிந்தால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். அவளோ அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து தரையில் நடக்கவில்லை.

ஆகவே பழைய படம். நுரைத்துப் புரளும் காவிரி, பரிசல், பல்லெல்லாம் தெரிய நாங்கள். 'இன்று' என்று எழுதி, நான்கு இதயம் வேறு.

பத்தே நிமிடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார்.

"கண்ணு, போட்டோ நல்லாருக்குது. இன்னைக்கு எடுத்ததா?"

"ஆமாங்கத்தை, காலையில போனோம்ங்க."

"அப்படியா! நேத்துதான் நாங்க போயிட்டு வந்தோம். வெறும் பாறைதான் இருந்துச்சு, பரிசலெல்லாம் கவுத்து வெச்சிருந்தாங்க. ராத்திரியோட ராத்திரியா தண்ணி வந்துருச்சா?"

ஐயோ! ஒகேனக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பென்னாகரத்துக்காரியிடம் போயா நடுக்கோடையில் வெள்ளம் காட்டுவேன்? தங்கையின் கல்யாணத்தை நானே கவிழ்த்துவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மறுமுனையில் குபுக்கென்று ஒரு சிரிப்பு.

"அட லூசுப் புள்ள! எம்பொண்ணு துபாய்ல புருசனோட இருக்கறான்னு சொன்னேன்ல? உள்ள முறுக்கு தின்னுட்டு இருக்கறா. புருசன வுட்டுட்டு வந்து ஒரு வருசமாச்சு. நீங்க மாப்ள வூடு பாக்க வந்தப்ப பக்கத்து வூட்டுல ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"அப்ப அவ துபாய் கட்டடம் போட்ட ஸ்டேட்டஸு?"

"நாந்தான் தேடித் தேடி எடுத்துக் குடுக்கறேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு மிளகாய் நெடி ஏறி இருமல் நிற்கவில்லை. அம்மா பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்போடு மாடிக்கு ஓடி வந்தாள்.

"அத்தை, நிச்சயத்துக்கு அவளையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"எல்லாரும் கேப்பாங்களே, கண்ணு."

"கேக்கட்டும்ங்க. எம்பக்கத்துல உக்காரட்டும். ரெண்டு பேரும் சேந்தே உள்ளதச் சொல்லிக்கறோம்."

இப்போது அவர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார்.