மட்டையோடு ஓடிய ஜெனுசன்

பதினான்கு ஆட்டங்களில் பதின்மூன்று தோல்வி. மிச்சமுள்ள ஒன்றில் வெற்றி. அதுவும் எதிரணியை ஏற்றிவந்த வாகனம் வழியில் பழுதாகி நின்றுவிட்டதால். ஒஸ்லோவில் கடைசிப் பிரிவில் ஆடும் ‘ஹொல்ம்லியா எல்கர்’ என்ற பேஸ்போல் அணி இந்த ஆண்டைக் கடந்த விதம் இது.

அணியை நடத்துபவர் மேரின். முப்பத்தாறு வயது, சுரங்க ரயில் ஓட்டுநர். பெற்றோர் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான். மன்னார்க் குடும்பத்துப் பெண் பேஸ்போலுக்கு எப்படிப் போனார் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

“பன்னிரண்டு வயசிலை தமிழ்க் கழகத்திலை கிரிக்கெட் விளையாடக் கேட்டனான். பொம்பிளைப் பிள்ளையளுக்கு வலைப்பந்துதான் எண்டு சொல்லிப்போட்டினம். பக்கத்துத் திடலிலை பேஸ்போல் நடந்தது. அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கையுறையைத் தந்து நிக்கச் சொல்லிச்சினம்.”

இந்த வசந்தத்தில் ஆள் குறைந்தபோது, அன்று தன்னைச் சேர்க்காத அதே கழகத்திலிருந்துதான் மூன்று பேரைக் கூட்டிவந்தார். அவர்களில் ஒருவர் ஜெனுசன், மின்வேலை செய்பவர், கழகத்தின் சிறந்த துடுப்பாட்டக்காரர். மற்ற இருவரும் அவருடைய கூட்டாளிகள். அவர் போகும் இடத்துக்கெல்லாம் போவார்கள்.

மூவரும் பந்தை அழகாகப் பிடித்தார்கள். ஓடுவதில்தான் சிக்கல். கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடி, மட்டையைக் கோட்டுக்கு மேலே நீட்டிவிட்டால் தப்பிவிடலாம். பேஸ்போலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு, முதல் தளத்தில் கிடக்கும் வெள்ளைத் திண்டுவரை ஓடவேண்டும். பந்து அங்கே வருவதற்கு முன் கால் அதில் பட வேண்டும். மட்டை பட்டால் செல்லாது. மே மாதம் முழுவதும் ஜெனுசன் மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடினார். ஜூனில் பழக்கம் விட்டுப்போனது என்று எல்லோரும் நம்பினார்கள்.

செப்டெம்பரில் கடைசி ஆட்டம். ஏழுக்கு எட்டு என்று பின்தங்கியிருந்தார்கள். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாம் தளத்தில் நிற்கும் தங்கள் ஆள் அடிக்கும் இடத்துக்கு ஓடி வந்துவிட்டால் ஓர் ஓட்டம், சமன். ஜெனுசன் அடித்தார். பந்து மெதுவாக உருண்டது, ஓட நேரம் இருந்தது. ஓடினார், மட்டையோடு. திண்டுக்கு ஒரு எட்டு முன்னால் குனிந்து, மட்டையை நீட்டித் திண்டில் தொட்டு, நிம்மதியாக நின்றார். பந்து வந்து சேர்ந்தது. கால் புல்லில் இருந்தது.

அதன் பிறகு அவர் வரவில்லை. கூட்டாளிகளும் வரவில்லை. இன்னும் இருவர் ஊர் மாறினார்கள், ஒருவர் வேலைக்கு ஸ்தவாங்கருக்கு, மற்றவர் படிக்கப் பேர்கனுக்கு. மிஞ்சியது ஆறு பேர். நவம்பர் முதலாம் தேதிக்குள் ஒன்பது பெயர்களைப் பதியாவிட்டால் அடுத்த ஆண்டு அணிக்கு இடமில்லை. மேரின் தன்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் சம்மதித்து, மழையில் ஒரு பயிற்சியைப் பார்த்துவிட்டு மனம் மாறினார்.

ஒக்டோபரில் ஒரு வியாழன் மாலை, கழகம் கிரிக்கெட் பயிலும் பாடசாலை உள்ளரங்குக்கு மேரின் போனார். தலைவர் சிவானந்தன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்ன மேரின், ஆள் பிடிக்கவோ?”

“ஓம் அண்ணை. மூண்டு பேர் வேணும்.”

“முப்பது பேரையும் கொண்டுபோம். எல்லாரும் மட்டையோடைதான் ஓடுவாங்கள்.”

அரங்கு சிரித்தது. ஜெனுசன் சிரிக்கவில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டியபடி சொன்னார்: “நான் வரேல்லை அக்கா. என்னாலைதானே தோத்தது.”

“மற்றப் பன்னிரண்டும் ஆராலை தோத்தது?”

சிவானந்தன் ஒரு மட்டையை மேரினிடம் நீட்டினார். “முதல் ஒரு ஓவர் விளையாடிக் காட்டும். பிறகு ஆள் பிடிக்கலாம்.”

பன்னிரண்டு வயதில் கேட்ட மட்டை இப்போது கையில். முதல் பந்து தவறியது, இரண்டாவதும் தவறியது. மூன்றாவதை மேரின் விளாசினார். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சுவரில் மோதித் தெறித்தது. உடனே மட்டையைப் பின்னால் வீசிவிட்டு ஓடத் தொடங்கினார். வழுவழுப்பான தரையில் மட்டை வழுக்கிப்போய்ப் பின்னால் நின்ற பிளாஸ்டிக் விக்கெட்டுகளைச் சாய்த்தது.

முதலில் சிரித்தவர் ஜெனுசன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அக்கா, நீங்கள் அவுட்.”

“எப்பிடி அவுட்? பந்து அங்கை கிடக்கு.”

“நீங்கள் எறிஞ்ச மட்டை, உங்கடை விக்கெட்டையே விழுத்திப்போட்டுது.”

மேரின் திரும்பிப் பார்த்தார். மூன்றும் படுத்துக் கிடந்தன. வேண்டுமென்றே செய்தாரா என்று அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். “நடிச்சிருந்தால் இன்னும் வடிவாய் விழுத்தியிருப்பன்” என்கிறார்.

ஜெனுசன் மட்டையை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார். “என்ரை பேரைப் போடுங்கோ. அவங்கள் ரெண்டு பேரின்ரையும் போடுங்கோ. ஆனால் வியாழக்கிழமையளிலை நீங்கள் இஞ்சை வரவேணும். மட்டையைப் பிடிச்சுக்கொண்டு ஓடப் பழக்கிறன்.”

“பொம்பிளைப் பிள்ளையளுக்கு வலைப்பந்தெல்லோ?” மேரின் சிவானந்தனைப் பார்த்தார்.

“அது அந்தக் காலத்து நிர்வாகம்” என்று சொல்லிவிட்டு, அவர் விக்கெட்டுகளை நிமிர்த்தப் போனார்.

ஒன்பது பெயர்களும் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டுக்கு மேரின் வைத்திருக்கும் இலக்கு சிறியது: யாருடைய வாகனமும் பழுதாகாமல் ஒரு வெற்றி.

கடந்த வாரம் முதலாவது பயிற்சி நடந்தது. ஜெனுசன் அடித்தார், மட்டையைப் போட்டார், வெறுங்கையோடு ஓடினார். கடைசி இரண்டு எட்டில் வலது கை மட்டும் தானாகக் கீழே இறங்கி முன்னால் நீண்டது. கால் திண்டில் விழுந்தது.

“கை போறதெண்டால் போகட்டும்,” என்றார் மேரின். “கால் பட்டால் போதும். திருப்பி ஓடும், தம்பி.”